அலர்ஜி என்ற சொல்லைத் தந்த குழந்தை மருத்துவர்

நம் நாட்டில் அலர்ஜி என்ற சொல் புழங்காத வீடு இருக்க முடியாது. திருமண விருந்தில் இறால் சம்பல் பரிமாற வரும்போது இலையின் குறுக்கே கையை நீட்டி, தமக்கு அலர்ஜி என்பார் ஒரு மாமா. புகைமூட்டம் வந்துவிட்டால் விரிவுரை முழுவதும் தும்மிக்கொண்டே இருக்கும் நண்பர் அதற்கும் அதே காரணத்தைச் சொல்வார். பிடிக்காத பாடத்தைக்கூட அலர்ஜி என்று சொல்லும் தோழிகள் எங்கள் விடுதியில் இருக்கிறார்கள். இப்படி ஊர் உலகமெல்லாம் பரவிவிட்ட இந்தச் சொல்லுக்குப் பிறந்த நாள் ஒன்று உண்டு. பெற்றவர் ஒருவரும் உண்டு. 1906ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து வெளிவந்த மருத்துவ வார இதழ் ஒன்றில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பே இந்தச் சொல்தான். எழுதியவர் வியன்னா நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்து வந்த 32 வயது இளைஞர், கிளமென்ஸ் ஃபொன் பிர்க்கே. அந்த இரண்டு பக்கத்துக்குள் கொசுவுக்கும் தேனீக்கும்கூட அவர் இடம் கொடுத்திருந்தார் என்பதை அறிந்தபோது, இவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தபோது நான் அறிந்த சொல் ஒவ்வாமை. புகுமுக வகுப்பைத் தாண்டி தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த பிறகு அது அலாஹான் ஆயிற்று. பள்ளி முகாமுக்குப் போகும்போதெல்லாம் பாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் உடல்நல அறிவியல் படிக்க வந்த பின் அலர்ஜி. மூன்று மொழியில் மூன்று பெயர் தெரிந்திருந்தும், அந்தச் சொல்லை உண்டாக்கியவர் அதற்கு வைத்த பொருள் இந்த மூன்றிலும் முழுமையாக இல்லை என்பது எனக்கு இறுதியாண்டில்தான் தெரிய வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிர்க்கே 1874ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்ஷ்டெட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரபுக் குடும்பம். தந்தையார் நாடாளுமன்றத்தில் இருந்தவர். தாயார் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர்; மகன் பாதிரியாராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசைப்படியே இளைஞர் முதலில் இன்ஸ்புருக் நகரில் இறையியல் படித்தார். பிறகு பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். இரண்டும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. இறுதியில் வீட்டாருக்கு விருப்பமில்லாத மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு மருத்துவம் கௌரவமான தொழிலாகத் தோன்றவில்லை. மகளை டாக்டருக்குக் கட்டிக்கொடுக்கத் துடிக்கும் நம் குடும்பங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்! வியன்னா, கோனிக்ஸ்பெர்க், கிராட்ஸ் என்று மூன்று ஊர்களில் படித்து, 1900இல் கிராட்ஸில் பட்டம் பெற்றார். 1904இல் மரியா வான் ஹூசன் என்ற பெண்ணை மணந்தார். அதற்கும் வீட்டில் எதிர்ப்புதான். அத்தம்பதியருக்குக் குழந்தை இல்லை.

பட்டம் பெற்றவர் வியன்னாவில் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தலைமைப் பேராசிரியர் தியோடர் எஷெரிக். இன்று உணவு நச்சுச் செய்திகளில் அடிபடும் ஈ கோலை என்ற பாக்டீரியாவை முதலில் விவரித்தவர் அவரே. அதன் பெயரில் உள்ள ஈ என்ற எழுத்து அவருடைய பெயரைக் குறிப்பது. அதே மருத்துவமனையில் ஹங்கேரியிலிருந்து வந்த பேலா ஷிக் என்ற இளம் மருத்துவரும் இருந்தார். பிர்க்கேயைவிட மூன்று வயது இளையவர். ஒருவர் பிரபு வீட்டுக் கத்தோலிக்கர், மற்றவர் யூதர். இருவரும் பிரியா நண்பர்களாகி ஒரே வார்டில் வேலை பார்த்தார்கள்.

அந்த வார்டு எப்படி இருந்திருக்கும் என்று இன்று கற்பனை செய்வது கடினம். தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளை மூச்சுத் திணறடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. 1890களில்தான் அதற்கு ஒரு மருந்து கிடைத்தது. நோயின் நஞ்சைக் குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகும். பிறகு அந்த இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்தெடுத்து நோயுற்ற குழந்தைக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். இதற்காக எமில் ஃபொன் பேரிங் என்ற அறிஞருக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது. சாக வேண்டிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. ஸ்கார்லட் காய்ச்சலுக்கும் வியன்னாவில் இதே முறையில் சீரம் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு ஒரு விநோதம் நடந்தது. ஊசி போட்டு ஒரு வாரம் சும்மா இருக்கும். எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் திடீரென்று காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வலி, கழலை வீக்கம் எல்லாம் வரும். சில நாளில் தானாக அடங்கிவிடும். மற்ற மருத்துவர்கள் இதைச் சீரத்தில் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கடந்து போனார்கள். உயிரே திரும்பி வந்திருக்கும்போது தடிப்பை யார் பொருட்படுத்துவார்?

பிர்க்கே பொருட்படுத்தினார். அவருக்கு எதையும் தேதியிட்டு அட்டவணை போட்டு எழுதும் பழக்கம் இருந்தது. முதல் ஊசி என்று, தடிப்பு என்று, காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாள் நீடித்தது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் குறித்துக்கொண்டே வந்தார்கள் அவரும் ஷிக்கும். அப்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில வாரமோ மாதமோ கழித்து அதே குழந்தைக்கு மறுபடியும் குதிரைச் சீரம் போட நேர்ந்தால் எட்டு நாள் காத்திருப்பது இல்லை. அன்றைக்கே தடிப்பு வந்துவிடுகிறது. சில வேளைகளில் சில நிமிடத்திலேயே வந்துவிடுகிறது.

மருந்து ஒன்றுதான், அளவும் ஏறத்தாழ ஒன்றுதான், குழந்தையும் அதே குழந்தைதான். மாறியது என்ன?

இங்கேதான் பிர்க்கேயின் மேதைமை வெளிப்படுகிறது என்பேன். தொற்று நோய் வருவதற்கு முன் சில நாள் அமைதி ஏன் என்று கேட்டால், கிருமி பெருகுவதற்கு அந்த நாட்கள் வேண்டும் என்பதுதான் அன்றைய விடை. குதிரைச் சீரத்தில் கிருமி இல்லையே! அது பெருகவும் செய்யாது. அப்படியானால் அந்த எட்டு நாட்கள் யாருடையவை? குழந்தையுடையவை. வெளியிலிருந்து வந்த பொருளுக்கு எதிராக எதிர்ப்பொருளைத் தயாரிக்க குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் அது. தயாரான எதிர்ப்பொருளும் மிச்சமிருக்கும் சீரமும் மோதுகிற நாளில் நோய் வெளிப்படுகிறது. மறுமுறை வரும்போது உடம்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதனால் மோதல் உடனே நடக்கிறது. நம்மைக் காக்க உண்டான ஏற்பாடே நம்மை வருத்தவும் செய்கிறது என்பது இதன் பொருள். எதிர்ப்பாற்றல் என்றாலே நன்மை என்று எல்லாரும் நம்பிய காலத்தில் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 1903இல் இந்தக் கருத்தை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, வியன்னா அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். பின்னாளில் யார் முதலில் சொன்னார் என்ற சண்டை வந்தால் சான்று வேண்டுமே! அந்த உறை 1908இல்தான் திறக்கப்பட்டது. அதற்குள் 1905இல் அவரும் ஷிக்கும் சேர்ந்து சீர நோய் பற்றித் தனி நூலே வெளியிட்டுவிட்டார்கள்.

ஏறத்தாழ அதே நேரத்தில் பிரான்ஸில் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இருவர் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த மிகச் சிறு அளவில் நிமிடக் கணக்கில் இறந்தது. 1902இல் ரிஷே இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார். பாதுகாப்புக்கு எதிரானது என்பது அதன் கருத்து. அதற்காக 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிர்க்கேயின் பெயர் அந்தப் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. ரிஷே நாய்களிடம் கண்டதைத்தான் பிர்க்கே தம் வார்டுக் குழந்தைகளிடம் கண்டார். யாருக்கும் வேண்டுமென்றே தீங்கு செய்யாமல், கொடுத்தே ஆக வேண்டிய மருந்தின் பின்விளைவைப் பார்த்தே கண்டார்.

நண்பர்களே, இவ்வளவு தூரம் குதிரைச் சீரத்தைப் பற்றிப் பேசியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதில் குதிரைச் சீரம் என்ற இடத்தில் குளவி என்று போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே வந்துவிடும்.

நாங்கள் இருப்பது பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில். என் தம்பிக்கு ஆறு வயதில் பின்கட்டுக் குழாயடியில் குளவி ஒன்று கையில் கொட்டியது. கை வீங்கியது, அழுதான், பாட்டி சுண்ணாம்பு தடவினார், இரண்டு நாளில் வற்றிவிட்டது. யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதில் ஒரு பள்ளி விடுமுறையின்போது வேலியோரம் விளையாடியவனுக்குக் காதோரம் மறுபடியும் கொட்டியது. அதே மாதிரி ஒரே ஒரு குளவிதான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காதுக்குத் தொடர்பே இல்லாத வயிற்றிலும் முதுகிலும் பட்டை பட்டையாகத் தடிப்பு. உதடு வீங்கியது. வாந்தி எடுத்தான். குரல் கம்மியது. பாட்டி பழையபடி சுண்ணாம்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பாக் சிக் அவனைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் காரை எடுத்தார். கிளினிக்கில் டாக்டர் அவனைப் படுக்கவைத்து, தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போட்டார். போட்டுக்கொண்டே அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன் கொட்டியிருக்கிறதா என்பதுதான். சில நிமிடத்தில் மூச்சு சீரானது. ஆயினும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்று அன்றிரவு பெரிய மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி நூறாண்டுக்கு முன் பிர்க்கே தம் அட்டவணையில் கேட்ட கேள்வி என்பது அன்று எனக்குத் தெரியாது.

பல குளவிகள் சேர்ந்து கொட்டினால் நிலைமை வேறு. மலாய்க்காரர்கள் தெபுவான் என்று சொல்லும் பெருங்குளவிக் கூட்டைக் கலைத்து நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கினால், அது நஞ்சின் அளவால் வரும் ஆபத்து. யாரையும் கொல்லும், முதல் முறையே கொல்லும். ஒரே ஒரு கொட்டில் ஒரு குழந்தை சரிகிறது என்றால் அது பிர்க்கே சொன்ன வகை. அங்கே பேசுவது நஞ்சின் அளவன்று, குழந்தையின் உடம்பில் முன்பே பதிந்திருக்கும் தயார்நிலை. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியடைவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

அதற்காகக் கொட்டு வாங்கிய குழந்தைகள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொட்டிய இடம் மட்டும் வீங்கி அடங்கிவிடும். முழங்கை வரைக்கும் வீங்கினாலும் அது அந்த இடத்து வீக்கம்தான். தள்ளியுள்ள தோலில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் என்று உடம்பின் வேறு பகுதிகள் சேர்ந்துகொள்ளும்போதுதான் நேரத்தை வீணாக்கக் கூடாது. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சைத் திறக்காது. அதற்கு அட்ரினலின்தான் வேண்டும்.

இப்போது 1906ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் திரும்புவோம். எதிர்ப்பாற்றல் என்ற சொல்லையும் மிகையுணர்வு என்ற சொல்லையும் மருத்துவர்கள் எதிரெதிராக வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு புதிய சொல் தேவை என்றார் பிர்க்கே. கிரேக்க மொழியில் வேறு என்ற பொருள் தரும் அல்லோஸ், செயல் என்ற பொருள் தரும் எர்கோன் ஆகிய இரண்டையும் சேர்த்து அலர்ஜி என்ற சொல்லை அமைத்தார். அந்நியப் பொருள் ஒன்றை ஒருமுறை சந்தித்த உடம்பு, அடுத்த முறை வேறு விதமாக நடந்துகொள்கிறது. அந்த வேறுபாடுதான் அலர்ஜி. அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அம்மை குத்திக்கொண்டவருக்கு மறுமுறை குத்தும்போது நோய் வராமல் சிறு தடிப்போடு நின்றுவிடுவதும் அவருடைய கணக்கில் அலர்ஜிதான். நம் ஒவ்வாமை என்ற சொல் ஒத்துவராததை மட்டும் குறிக்கிறது. அவர் வைத்த பொருளில் பாதிதான் அதில் இருக்கிறது. உலகமும் பின்னாளில் அந்தப் பாதியைத்தான் வைத்துக்கொண்டு மற்ற பாதியை மறந்துவிட்டது. எனவே தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட மாற்றத்தை உண்டாக்கும் பொருள்களை வரிசைப்படுத்தும்போதுதான் கொசு, தேனீ ஆகியவற்றின் நஞ்சையும் சேர்த்தார். கொட்டுப்பட்ட பிறகு உடம்பு முன்பைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்ந்தால் அவையும் இதில் அடங்கும் என்பது அவர் கருத்து. கூடவே மகரந்தத் தூள், ஸ்ட்ராபெரி, நண்டு எல்லாம் வந்தன. நம் விருந்து வீட்டு மாமாவையும் 1906இலேயே கணக்கில் எடுத்துவிட்டார் என்று சொல்லலாம்!

கூடுதலாகவோ குறைவாகவோ என்று அவர் எழுதியதை எண்ணி நான் வியக்கிறேன். கொசுவுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை 1946இல் கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் காட்டினார். முதன்முதலில் ஓர் இனக் கொசு கடித்தால் தோலில் ஒன்றும் தெரிவதில்லை. பலமுறை கடித்த பின் மறுநாள் தடிப்பு வருகிறது. பிறகு உடனேயும் தடிக்கிறது, மறுநாளும் தடிக்கிறது. அதன் பிறகு உடனடித் தடிப்பு மட்டும். கடைசியில் எதுவும் இல்லை. நம் நாட்டில் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் கால்களைப் பார்த்தால் கொசுக்கடி ஒவ்வொன்றும் கொப்புளமாகிச் சொறிந்து புண்ணாகியிருக்கும். அதே கொசு கடிக்கும் தாத்தாவின் காலில் ஒன்றுமே இருக்காது. பிள்ளைக்கு இரத்தம் கெட்டுவிட்டது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. இரத்தம் கெடவில்லை. பிள்ளையின் உடம்பு அந்தப் படிகளில் ஒன்றில் நிற்கிறது, தாத்தா கடைசிப் படியைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே, அதாவது 1907இல், பிர்க்கே தம் கருத்தை ஒரு சோதனையாக மாற்றினார். குழந்தையின் முன்கையில் தோலை இலேசாகக் கீறி அதில் டியூபர்குலின் என்ற காசநோய்க் கிருமிச் சாற்றை வைத்தார். ஏற்கெனவே அந்தக் கிருமியைச் சந்தித்த உடம்பானால் ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து தடிக்கும். பார்க்க நலமாக இருக்கும் குழந்தைகள் பலருக்கும் தடித்தது! வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை கூடியது. நோயாகத் தெரியாமல் மறைந்திருக்கும் காசநோய் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. இந்தச் சோதனைதான் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. இன்று தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை இதன் வழி வந்தது.

புகழ் வந்ததும் அழைப்புகள் வந்தன. 1909இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவத்துக்கு முதல் பேராசிரியராகப் போனார். ஏறத்தாழ ஓராண்டுதான் இருந்தார். 1910இல் பிரெஸ்லாவ், அதாவது இன்று போலந்தில் இருக்கும் விரோட்ஸ்வாவ். 1911இல் எஷெரிக் மறைந்ததும் அவருடைய இடத்துக்கு வியன்னாவுக்கே திரும்பினார். இறுதிவரை அங்கேயே இருந்தார்.

1914இல் போர் மூண்டது. வியன்னாவில் பால் இல்லை, ரொட்டி இல்லை. ஒவ்வாமையில் உலகப் பெயர் பெற்றவர் அதை அப்படியே வைத்துவிட்டுக் குழந்தைகளின் பசியைக் கணக்கிட உட்கார்ந்தார். எந்த உணவையும் பாலோடு ஒப்பிட்டு அளக்கும் நெம் என்ற அலகை உண்டாக்கினார். 1 கிராம் பால் தரும் சத்து 1 நெம். உட்கார்ந்த நிலையில் குழந்தையின் உயரத்தை அளந்து, அதற்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று கணக்கிட்டார். குழந்தை மெலிந்திருக்கிறதா என்று அறிய பெலிடிசி என்று ஒரு குறியீடும் வைத்தார். போர் முடிந்து 1919 முதல் அமெரிக்க நிவாரண அமைப்பு ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவு வழங்கியபோது, அந்தப் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் பிர்க்கேதான். இலட்சக்கணக்கான குழந்தைகள் அவருடைய கணக்குப்படி சாப்பிட்டார்கள். நெம்மும் பெலிடிசியும் இன்று மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். வாழ்நாள் முழுவதும் புதிய சொற்களை உண்டாக்கிக்கொண்டே இருந்த மனிதர் அவர், நிலைத்தது ஒன்றுதான். ஆனால் அந்த மறைந்துபோன சொற்கள் தம் காலத்தில் எத்தனையோ தட்டுகளை நிரப்பின.

நாட்டில் அவருக்கு இருந்த மதிப்பு எத்தகையது என்றால், 1928இல் ஆஸ்திரியக் குடியரசின் தலைவர் பதவிக்கு அவருடைய பெயர் பேசப்பட்டது. வெளியே இத்தனை பெருமை. வீட்டுக்குள் நிலைமை வேறாக இருந்தது. மனைவி மரியா நீண்ட காலம் நோயுற்றிருந்தார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கணவனும் மனைவியும் சேர்ந்து தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவருக்கு வயது 54. காரணம் என்னவென்று பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். நான் அதில் இறங்க விரும்பவில்லை. வியன்னாவின் மத்திய கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு மரியாதைக்குரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த ஊர்ப் பக்கம் ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது.

நண்பர் பேலா ஷிக் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் குழந்தை மருத்துவராக நெடுங்காலம் வாழ்ந்தார். தொண்டை அடைப்பானுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஷிக் சோதனை அவருடையது. அவர் 1967இல் காலமானார். இரு நண்பர்களும் அட்டவணையின் மூலம் மட்டுமே ஊகித்த எதிர்ப்பொருள்களில் மிக வேகமான வகை எது என்பது அந்தச் சமயத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இருவரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் தனித்தனியே அதை அடையாளம் கண்டார்கள். ஐஜிஇ என்பது அதன் பெயர். முதல் கொட்டுக்குப் பின் உடம்பு இதைத் தயாரித்து, மாஸ்ட் செல்கள் என்ற அணுக்களின் மேல் ஒட்டி வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே நஞ்சு வந்ததும் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. என் தம்பிக்குப் பத்து நிமிடத்தில் நடந்தது இதுதான். பிர்க்கே வார்டில் எட்டாம் நாள் வந்த சீர நோய்க்கு வேறு வகை எதிர்ப்பொருளே காரணம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. பொறிமுறையில் அவர் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினார். காலக் கணக்கில் தவறவில்லை.

அவர் ஓராண்டு மட்டும் பணியாற்றிய ஜோன்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம்தான் பிறகு கொட்டு ஒவ்வாமைக்கு வழி கண்டது என்பது தற்செயலாக இருந்தாலும் சொல்லத்தக்கது. பல பத்தாண்டுகளாகப் பூச்சியின் முழு உடலையும் அரைத்து எடுத்த சாற்றையே மருத்துவர்கள் ஊசியாகக் கொடுத்து வந்தார்கள். 1978இல் அங்குள்ள ஆய்வாளர்கள் அந்தச் சாற்றையும், வெறும் போலி மருந்தையும், பூச்சியின் நஞ்சை மட்டும் பிரித்தெடுத்து மிகச் சிறு அளவிலிருந்து ஏற்றிக்கொண்டே போகும் முறையையும் ஒப்பிட்டார்கள். சாறு போலி மருந்தைவிட மேலாக இல்லை, நஞ்சு காத்தது. உடம்பை மறுமுறைக்கு வேறு விதமாகப் பழக்கும் வேலை அது. பிர்க்கே சொன்ன குறைவான பக்கத்துக்கு உடம்பை வேண்டுமென்றே தள்ளிக்கொண்டு போவது.

அதே பல்கலைக்கழகத்தினர் 2004இல் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றையும் வெளியிட்டார்கள். சிறு வயதில் கொட்டு ஒவ்வாமை கண்டவர்களைப் பத்து இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து, அதன் பிறகு கொட்டியபோது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சிறு வயதில் ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ பாதிக்கப்பட்டு நஞ்சு ஊசிச் சிகிச்சை எடுக்காதவர்களில் 32 விழுக்காட்டினருக்கு மறுபடியும் உடல் முழுவதும் பரவும் ஒவ்வாமை வந்தது. சிகிச்சை எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. தோலில் தடிப்போடு மட்டும் நின்ற குழந்தைகளுக்கு அபாயம் இவ்வளவு இல்லை. அவர்களில் பலருக்கு இந்தச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. என் தம்பி முதல் வகையைச் சேர்ந்தவன். அவனுடைய மருத்துவ அட்டையில் கொட்டிய தேதி, பூச்சியின் பெயர், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று டாக்டர் மூன்று வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.